துருவை நீக்கலாம், தடயத்தை?

சென்ற மாதம் நான் செய்த ஒரு தவற்றை ஒப்புக்கொண்டே இதைத் தொடங்குகிறேன்.

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் வேலைபார்த்த என் தாத்தாவின் பேனாக்கத்தி, வீட்டுத் தகரப்பெட்டியில் துருவேறிக் கிடந்தது. இரண்டு அலகுகள், கொம்புப் பிடி. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மாலைக்குள் பளபளப்பாக்கிவிட்டேன். அலகின் அடியில் ‘ஷெஃபீல்டு’ என்ற முத்திரை தெளிவாகத் தெரிந்தபோது பெருமிதம் கொண்டேன். அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிடியில அப்பாவோட நம்பர் கீறியிருக்குமேடா, எங்க?” என்றார். அழுக்கு என்று கருதி நான் தேய்த்தெடுத்தவை அந்தக் கீறல்களே. அந்த எண் என்ன என்பது அத்தைக்கும் நினைவில் இல்லை.

செய்தவனின் பெயர் துலங்கிற்று. வைத்திருந்தவரின் அடையாளம் அழிந்தது. பழம்பொருளைப் புதுப்பித்தல் குறித்து நான் சொல்ல விரும்புவது இதுதான்: மெருகு நடுநிலையானதன்று.

துரு அனைத்தும் ஒன்றல்ல. துருப்பிடிக்கா எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி உருவாக்கியது 1913-இல். பழைய பேனாக்கத்திகள் பெரும்பாலும் கரிம எஃகால் ஆனவை. அவற்றின் மேல் படியும் செந்துரு நுண்துளைகள் கொண்டது. ஈரத்தை உள்ளே விட்டு இரும்பைத் தொடர்ந்து தின்னும். அதை நீக்கத்தான் வேண்டும். ஆனால் நெடுநாள் புழக்கத்தில் அலகின் மேல் படியும் கருஞ்சாம்பல் படலம் இறுக்கமானது. ஓரளவு காப்பும் ஆகும். உப்புத்தாளுக்கு இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாது.

கத்தி வெட்டுவதற்கே, அருங்காட்சியகத்துக்கு அன்று என்று சிலர் வாதிடலாம். நியாயமே. என் தாத்தாவும் அதைப் பலமுறை சாணை பிடித்திருக்கிறார். பெரிய அலகு நடுவில் குழிந்து தேய்ந்திருப்பதே அதற்குச் சான்று. ஆனால் பயன்பாட்டுக்கான தீட்டல் பொருளின் வரலாற்றில் ஒரு வரியைச் சேர்க்கிறது. காட்சிக்கான மெருகு, எழுதப்பட்ட வரிகளை அழிக்கிறது.

தங்கவயலைப் பொறுத்தவரை இந்த இழப்பு சிறியதன்று. அதன் வரலாறு பெரிதும் நிர்வாக ஆவணங்களிலிருந்தே எழுதப்படுகிறது. 1930-இல் கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்து அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தம் உடலின் தடயம் பிறர் பதிவேட்டுக்குள் போவதை மறுத்த சமூகம் அது. அத்தகைய இடத்தில் ஒரு தொழிலாளி தன் பொருளின் மேல் தானே கீறிவைத்த எண் அரிய ஆவணம். யாரும் வற்புறுத்தாமல் அவர் தமக்காக எழுதியது.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்றும் அவ்வூரை ‘குட்டி இங்கிலாந்து’ என்று பலர் பெருமையோடு அழைக்கின்றனர். பங்களாக்களையும் கிளப்பையும் துலக்கிக் காட்டி, தொழிலாளர் வாழ்ந்த லைன் வீடுகளை மறக்கும் அந்த நினைவும் நான் மெருகேற்றிய கத்தியைப் போன்றதே: முத்திரை ஒளிர்கிறது, பிடி வழுவழுப்பாக இருக்கிறது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்பப் பொருளைத் துலக்குமுன் சாய்வொளியில் எல்லாப் பக்கங்களையும் படமெடுங்கள். வீட்டு முதியவரிடம் காட்டிக் கேளுங்கள். செந்துருவை மட்டும் எண்ணெய் தொட்ட மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள். மடிப்புக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். பிடியைத் தொடாதீர்கள்.

என் கத்தியோடு இப்போது ஓர் அட்டையை இணைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பது: “பிடியில் ஓர் எண் இருந்தது. அதை அழித்தவன் பேரன்.”