காயத்தோடு ஏறியவர்

எங்கள் ஊர்ப் பக்கம் இயேசு ‘பரமேறினார்’ என்றுதான் சொல்வோம். கத்தோலிக்க நண்பர்கள் விண்ணேற்றம் என்பார்கள். சின்ன வயதில் அந்தச் சொல் எனக்குத் தெரியாது. பரம் என்றால் எது என்றும் தெரியாது. ‘ஏறினார்’ மட்டும் நன்றாகப் புரிந்தது. எங்கள் தாத்தா பனையேறி.

உயிர்த்தெழுந்த ஞாயிற்றிலிருந்து எண்ணினால் 40-ஆம் நாள் அந்தத் திருநாள். ஆகவே எப்போதும் வியாழக்கிழமையில்தான் வரும். பெரும்பாலும் மே மாதத்தில். தேரிக்காட்டில் அது பதநீர்க் காலம். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவியே ஆகவேண்டும். மரத்துக்குத் திருநாள் தெரியாது. அந்த வியாழக்கிழமை ஆராதனைக்குத் தாத்தா ஒரு வருடம்கூட வந்ததில்லை. ஆச்சியோடு நான் போவேன். கிறிஸ்துமஸுக்கு நிற்க இடமில்லாத கோயிலில் அன்றைக்குப் பத்துப் பதினைந்து பேர் இருப்போம். மணி அடிக்கிற நேரத்தில் தாத்தா ஏதோ ஒரு மரத்தின் உச்சியில் இருப்பார்.

விடிலியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது ஆச்சியிடம் கேட்பார்: “உபதேசியார் இன்னைக்கு என்ன சொன்னாரு?”

ஒரு வருடம் ஆச்சி சொன்னது நினைவிருக்கிறது. “கையில காலுல காயத்தோடதான் மேல போனாராம்.”

தாத்தா அடுப்புக்கு ஓலையைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: “ஏறுனவன் மேல காயம் இல்லாம இருக்குமா?”

அந்தப் பதிலை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல வருடங்கள் கழித்து லூக்காவின் கடைசி அதிகாரத்தை நிதானமாக வாசித்தபோதுதான் திரும்ப வந்தது. பரமேறுதலைக் காட்சியாக விரித்துச் சொல்பவர் லூக்காதான். சுவிசேஷத்தின் முடிவில் ஒரு முறை, அப்போஸ்தலர் நடபடிகளின் தொடக்கத்தில் இன்னொரு முறை. சுவிசேஷத்தின் அந்த அதிகாரத்தில் சீஷர்கள் ஆவியைக் கண்டதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். இயேசு கைகளையும் கால்களையும் காட்டித் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். சாப்பிட ஏதாவது உண்டா என்று கேட்டுப் பொரித்த மீன் துண்டு ஒன்றை வாங்கி அவர்கள் முன்னால் சாப்பிடுகிறார். பிறகு பெத்தானியா வரை அழைத்துப்போய்க் கைகளை உயர்த்தி ஆசீர்வதிக்கிறார். ஆசீர்வதித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துக்கொள்ளப்படுகிறார். உயர்த்திய அந்தக் கைகள் சற்று முன்பு காட்டிய அதே கைகள். சீஷர்கள் கடைசியாகப் பார்த்தது ஆணித் தழும்பைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து லூக்கா சொல்வது என்னை நீண்ட நாள் குழப்பியது. அவர்கள் மிகுந்த சந்தோஷத்தோடு எருசலேமுக்குத் திரும்பினார்களாம். வெளிநாடு போகிற பிள்ளையை விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு யார் சந்தோஷத்தோடு வீடு திரும்புகிறார்கள்? மூன்று வருடம் கூடவே நடந்தவர் கண்முன்னே மறைந்துவிட்டார். ஒப்பாரி வைத்திருக்க வேண்டிய இடம் அது.

விடை எனக்கு எபிரெயர் நிருபத்தில் கிடைத்தது. அந்த நிருபம் பரமேறுதலை ஓர் ஆசாரியன் உள்ளே நுழைவதாகப் பார்க்கிறது. யாத்திராகமத்தின் 28-ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனாகிய ஆரோனின் உடையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறது. இரண்டு தோள்களிலும் இரண்டு கற்கள். ஒவ்வொன்றிலும் ஆறு கோத்திரங்களின் பெயர்கள். மார்பில் ஒரு பதக்கம். அதில் பன்னிரண்டு கற்கள், பன்னிரண்டு பெயர்கள். பரிசுத்த ஸ்தலத்துக்குள் ஜனங்கள் போக முடியாது; ஆசாரியனாகிய அவர் போவார். ஆனால் வெளியே வெயிலில் நிற்கிறவர்களின் பெயர்களை நெஞ்சில் சுமந்துகொண்டு போவார். இயேசுவை வழியனுப்பி நின்ற சீஷர்களுக்கு இது புரிந்திருக்க வேண்டும். போனவர் அவர்களை விட்டுவிட்டுப் போகவில்லை. அவர்களுடைய மனித உடம்பையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பசித்துச் சாப்பிட்ட உடம்பு, அடி வாங்கிய உடம்பு, தச்சு வேலை செய்த கை, இப்போது தேவனுக்கு முன்பாக நிற்கிறது.

ஒலிவ மலையில் எண்கோண வடிவில் ஒரு சிறிய ஆலயம் இருக்கிறது. இன்று அது முஸ்லிம்களின் பராமரிப்பில் இருக்கிறது; திருநாளன்று கிறிஸ்தவர்கள் அங்கே ஆராதனை நடத்துகிறார்கள். உள்ளே ஒரு பாறையைக் காட்டி, அதுதான் அவர் கடைசியாக மிதித்த தடம் என்பார்கள். ஐரோப்பாவின் பழைய ஓவியங்கள் பலவற்றில் மேகத்துக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தொங்கும். அந்த பக்தியை நான் மதிக்கிறேன். ஆனாலும் வெள்ளுடை தரித்த இருவர் வந்து, ஏன் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கேட்டது அதே மலையில்தான். கேள்வி காதில் விழுந்ததும் சீஷர்கள் இறங்கிவிட்டார்கள். ஓர் ஓய்வுநாள் பிரயாண தூரம். கீழே மேல்வீட்டு அறை; சுமார் 120 பேர்; ஜெபம்.

ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, அவர் பிதாவின் வலதுபாரிசத்தில் வீற்றிருப்பதாக அறிக்கையிடுகிறோம். இன்றைய பிரசங்கங்கள் பலவற்றில் அந்தச் சிங்காசனம் அதிகாரத்தின் அடையாளமாக மட்டுமே வருகிறது. ராஜா ஜெயித்துவிட்டார், நீயும் ஜெயிப்பாய், வீடு வரும், விசா வரும் என்கிறார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. சிங்காசனத்தில் இருப்பவரின் கைகளை யாரும் பார்ப்பதில்லை. மண்ணையும் மலத்தையும் தொட்டு வேலை செய்கிறவர்களின் உடம்பை இழிவாக நினைக்கிற சமூகத்தில் அந்தக் கைகளைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிச் சுவர் எழுப்பிய திருச்சபை நம்முடையது. மேலே ஓர் உடம்பு ஏற்றுக்கொள்ளப்பட்டதை நம்புகிறோம். கீழே செத்த உடம்புகளைத் தரம் பிரிக்கிறோம்.

ஸ்தேவானைக் கல்லெறிந்து கொல்வதற்குச் சற்று முன்பு அவர் வானத்தில் இயேசுவைக் கண்டார்; உட்கார்ந்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். கொஞ்ச நாளில் விசுவாசிகளைத் துன்பப்படுத்திவந்த சவுலுக்குத் தமஸ்கு சாலையில் ஒரு சத்தம் கேட்டது. அடி வாங்கியவர்கள் எருசலேமின் ஏழை விசுவாசிகள். மேலிருந்து பேசியவரோ, ஏன் என்னைத் துன்பப்படுத்துகிறாய் என்று கேட்டார். காலை மிதித்தால் வாய் கத்துவதுபோல என்று அகுஸ்தீன் இதை விளக்குவார். பரமேறியவருக்கு இங்கே நடப்பது இன்னும் வலிக்கிறது என்பதைவிடப் பெரிய ஆறுதல் எனக்குத் தெரியவில்லை. பெரிய பயமும் தெரியவில்லை.

தாத்தா கடைசி இருபது வருடம் மரம் ஏறவில்லை. அவர் இறந்த அன்று குளிப்பாட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றினோம். மரத்தோடு மரமாக அணைத்து ஏறி ஏறி நெஞ்சில் விழுந்த காய்ப்பு அப்படியே இருந்தது. கறுத்து, தோல் தடித்து, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு. பெட்டியில் வைக்கும்போது புதுச் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டு மூடப் போனார் சித்தப்பா. ஆச்சி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“மேல் பொத்தான் ரெண்டையும் தெறந்தே விடுப்பா,” என்றாள். “இருக்கட்டும்.”