மீற்றரும் கறக்காத மடியும்

இலங்கையில் கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையிலான கரையோர ஊர்களில் பாவித்த வாகனம் ஒன்று கைமாறும்போது, மீற்றர் குறைவாகக் காட்டினால் வாகனம் நல்லது என்றும், பின்னர் குறை வெளிப்பட்டால் அது பார்த்து வாங்காதவரின் பிழை என்றும் பரவலாக நம்பப்படுகிறது. இந்த இரண்டு எண்ணங்களுமே தவறானவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின், பாவித்த வாகனத்தைத் தவிர வேறு வழியில்லாதிருந்த குடும்பங்களின் சேமிப்பு இத்தவறுகளின் மேலேயே வைக்கப்பட்டது.

ஓடுதூரமானி எனப்படும் மீற்றர், பழைய வாகனங்களில் கியர்ப்பெட்டியிலிருந்து வரும் கேபிளால் சுழலும் எண் உருளைகளையும், புதியவற்றில் எண்ணைப் பதிந்து வைக்கும் நினைவகச் சில்லையும் கொண்டது. உருளையைக் கழற்றித் திருப்பலாம், சில்லைக் கருவியால் மாற்றி எழுதலாம் என்பதால் இரண்டுமே தம்மளவில் சாட்சியாகா. பத்தாண்டு ஓடிய வாடகை வேன் 60,000 கிலோமீற்றர் காட்டுமாயின் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றரே ஓடியிருக்க வேண்டும். கொழும்புக்கு ஒருவழிப் பயணமே 300 கிலோமீற்றரைத் தாண்டும் ஊரில் இக்கணக்கை எவரும் போட்டுப் பார்ப்பதில்லை. கடலோர உப்புக் காற்றில் அடிச்சட்டம் துருப்பிடிப்பதையோ எந்த மீற்றரும் எண்ணுவதில்லை.

வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்னும் வாதம் முஸ்லிம்கள் செறிந்து வாழும் இவ்வூர்களில் எழுவது வேதனைக்குரியது. விற்பதற்கு முன் ஆட்டையோ ஒட்டகத்தையோ கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள் என்றும், அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் விலங்கை வைத்துக்கொள்ளலாம் அல்லது ஒரு ஸாஉ அளவு பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளும் பதிவு செய்கின்றன. இப்பகுதி முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபு (சட்டப் பிரிவு) இவ்வுரிமையை அப்படியே ஏற்கிறது. பெருக்கிக் காட்டிய மடிக்கும் குறைத்துக் காட்டிய மீற்றருக்கும் இடையே தன்மையில் வேறுபாடு இல்லை.

நாட்டின் சட்டமும் விற்பவரை விட்டுவிடவில்லை: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வணிகத்தில் ஏமாற்றும் நடத்தையைத் தடைசெய்கிறது. ஆயினும் முந்தைய எண் எங்கும் எழுதப்படாதபோது ஏமாற்றை நிறுவ முடியாது. வாங்குபவரின் பெயரோ திகதியோ இல்லாமல், விற்பவரின் கையொப்பம் மட்டும் இட்ட உரிமை மாற்றப் படிவமான 'ஓப்பன் பேப்பர்' பல கைகள் மாறும்போது, யாரிடம் வாகனம் எவ்வளவு ஓடியது என்ற தடயமே அழிகிறது. இதை உணர்ந்தே அமெரிக்கா 1972இல் உரிமை மாற்றத்தின்போது விற்பவர் மீற்றர் எண்ணை எழுத்தில் அறிவிக்க வேண்டும் எனச் சட்டமாக்கியது. பெல்ஜியத்தில் 2006 முதல், பழுதுபார்க்கும் இடங்களும் பரிசோதனை நிலையங்களும் பதிந்த எண்களின் வரிசையைக் காட்டும் கார்-பாஸ் என்ற ஆவணத்தை விற்பவர் கையளிக்க வேண்டும்.

இலங்கையில் இதற்குப் புதிய அலுவலகம் தேவையில்லை. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக 2008 முதல் பெரும்பாலான வாகனங்கள் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குச் செல்கின்றன; அங்கே பதியும் மீற்றர் எண்ணை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பெற்று, உரிமை மாற்றப் படிவத்தில் விற்பவர் கையொப்பமிட்டு அறிவிக்கும் எண்ணுடன் ஒப்பிட்டு, வாங்குபவர் காசு கொடுக்கும் முன் அவரிடம் காட்டினால் போதும்.