கம்ப்யூட்டர் மேஸ்திரிகளுக்குப் பாடம் சொல்வது யார்?

காலை ஏழு மணிக்குக் கேளம்பாக்கம் கூட்டு ரோட்டில் நின்று பாருங்கள். கண்ணாடி ஜன்னல் போட்ட கம்பெனிப் பஸ்கள் சிறுசேரிக்குப் போகும். எதிர்ச்சாரியில், திருப்போரூர்ப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் தூக்குச்சட்டியுடன் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்பார்கள். பஸ்ஸில் போகிற பையனின் தாயாரே எதிர்ச்சாரியில் நிற்பதும் உண்டு.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் சமீபத்தில் ஒரு பேச்சு நடந்தது. "மாமா, என்னை பிராஜெக்ட் மானேஜர் ஆக்கப் போறாங்க. அதுக்கு ஒரு பரீட்சை எழுதணும்" என்றான் பையன். மாமா பஞ்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்தவர். "அப்படின்னா மேஸ்திரியாடா?" என்று கேட்டார். பையன் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. "மேஸ்திரி ஆயிட்டா சங்கத்துல இருக்க விடமாட்டாங்களேடா" என்றார்.

பையன் சிரித்ததும் சரி, மாமா சிரிக்காததும் சரி. இரண்டையும் பேசத்தான் இதை எழுதுகிறோம்.

கம்ப்யூட்டர் கம்பெனியில் பிராஜெக்ட் மானேஜர் என்ன செய்கிறார்? ஒரு வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ சர்க்கார் இலாகாவுக்கோ கணக்கு முறை ஒன்றைச் செய்து தர வேண்டும். அதற்கு எத்தனை பேர் வேண்டும், எத்தனை நாள் பிடிக்கும், எந்த வேலை முடிந்த பிறகு எந்த வேலையைத் தொட முடியும், எங்கே சிக்கல் வரும் என்று முன்கூட்டியே கணித்து, நாள்தோறும் வேலையைக் கவனித்து, முடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. இது லேசான காரியமல்ல. இதற்குப் பயிற்சி அவசியம் என்பதில் நமக்குத் தகராறே கிடையாது.

"முதலாளிக்கு மேஸ்திரி தயாராவதில் நமக்கென்ன அக்கறை?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயம்தான், ஆனால் அவசரப்பட்ட கேள்வி. திட்டமிடும் வித்தை முதலாளியின் பாட்டன் சொத்தல்ல. அமெரிக்கக் கடற்படை 1958இல் பொலாரிஸ் ஏவுகணைக்காக வேலைகளைக் கண்ணி கண்ணியாகப் பிணைத்துக் கணக்கிடும் ஒரு முறையை வகுத்தது, உண்மை. அதற்கும் இருபது வருஷம் முன்பே, 1938இல், லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு சந்தேகம் கேட்டார்கள்: எந்த மரத்தை எந்த யந்திரத்தில் எவ்வளவு கொடுத்தால் உற்பத்தி அதிகமாகும்? லியனித் கண்டரோவிச் என்ற இளம் கணித அறிஞர் விடை கண்டார். அந்தக் கணிதத்துக்காக 1975இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று உலகத்தின் கப்பல் கம்பெனியும் எண்ணெய்க் கம்பெனியும் அந்தக் கணிதத்தை உபயோகிக்கின்றன. ஒட்டுப்பலகை அறுத்தவனின் கேள்வியிலிருந்து பிறந்த வித்தை அது.

இதில் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. நமது விவசாயத் தோழர்களுக்கு இது உடனே புரியும்.

ஒரு ஏக்கர் நடவுக்குப் பத்துப் பெண்கள் இறங்கினால் ஆகும் நேரத்தில், இருபது பேர் இறங்கினால் பாதிதான் ஆகும். ஆகவே வேலை பிந்தினால் ஆளைக் கூட்டு என்பது பண்ணைக் காரியஸ்தனின் கணக்கு. கம்ப்யூட்டர் வேலையில் இந்தக் கணக்கு பலிக்காது. ஐ.பி.எம். கம்பெனி 1964இல் அறிவித்த பெரிய கம்ப்யூட்டருக்கான மென்பொருள் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார். 1975இல் புத்தகமாகவும் எழுதினார். பிந்திய வேலையில் புது ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பது அவர் கண்ட முடிவு. ஏன்? புதியவனுக்கு வேலையை விளக்க, பழையவன் தன் வேலையை நிறுத்த வேண்டும். ஆள் கூடக்கூட, ஒருவரோடு ஒருவர் பேசிப் பொருத்த வேண்டியதும் பெருகும். நாலு பேருக்குள் ஆறு ஜோடிப் பேச்சு. எட்டுப் பேரானால் இருபத்தெட்டு. ஆள் இரண்டு மடங்கு, பேச்சு ஐந்து மடங்குக்கு அருகில். இதைக் கற்காத மானேஜர் என்ன செய்வார்? ஆளைக் கூட்டிப் பார்ப்பார். அதுவும் பலிக்காதபோது, இருக்கிற ஆட்களை இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார வைப்பார். அரைகுறைப் பயிற்சியின் விலையைத் தூக்கத்தால் கட்டுகிறவன் கீழே இருக்கும் உழைப்பாளி.

பெரிய திட்டங்கள் நாள் தவறுவது அதிசயமில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அதிவேக ஈனுலை வேலை 2004இல் ஆரம்பித்தது. 2010இல் முடியும் என்றார்கள். உலைக்குள் பொருள்களை ஏற்றும் வேலையையே 2024 மார்ச்சில்தான் தொடங்கி வைத்தார்கள். முன்பின் செய்திராத வேலையில் நாள் குறிப்பது கஷ்டம். அங்குள்ள பொறியாளர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. (பல்லவ ராஜாவின் ஐந்து ரதங்களே அரைகுறையாக நிற்கின்றன. அதைப் பார்க்க டிக்கெட் வாங்குகிறோம்!)

பயிற்சியென்றால் என்ன என்பதற்கு அதே மாமல்லபுரத்தில் உதாரணம் இருக்கிறது. அங்கே 1957இல் சிற்பக் கல்லூரி நிறுவப்பட்டது. கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ந் தேதி திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலைக்குத் திட்டம் வகுத்த கணபதி ஸ்தபதி, அந்தக் கல்லூரிக்குத் தலைமை வகித்தவர். நூற்றுக்கணக்கான சிற்பிகள் வருஷக்கணக்கில் உழைத்த வேலை அது. ஸ்தபதி என்பவர் திட்டமிடுகிறவர், ஆட்களை நடத்துகிறவர். ஆனால் உளி பிடிக்காமல் எவனும் ஸ்தபதி ஆனதில்லை. எந்தக் கல் எத்தனை நாள் பிடிக்கும் என்பதைக் கைதான் அவருக்குச் சொல்லிற்று.

இப்போது பையன் எழுதப் போகிற பரீட்சைக்கு வருவோம். 1969இல் அமெரிக்காவில் தோன்றிய திட்ட நிர்வாகக் கழகம் நடத்தும் பரீட்சை அது. 35 மணி நேரப் பாடம் கேட்டிருக்க வேண்டும். பட்டதாரியானால் மூன்று வருஷம் திட்டங்களை நடத்திய அனுபவமும் கேட்கிறார்கள், அதை மறைப்பானேன்? பாடம் கெட்ட பாடமென்றும் சொல்ல மாட்டோம். ஆனால் பயிற்சிக்கும் பரீட்சைக்கும் பல ஆயிரம் ரூபாய். வாங்கிய சர்டிபிகேட்டை மூன்று வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். கம்பெனிக்கு வேண்டிய திறமைக்குத் தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்து கட்டணம் போவது எந்த ஊர் நியாயம்? தறிக்கு வேண்டிய எண்ணெயை நெசவாளி வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்ன கதையாக இருக்கிறது.

கெட்டிக்காரத்தனமான பயிற்சி இருந்தும் ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும்? நமது பெண்களையே கேளுங்கள்.

100 நாள் வேலையில் வருகைப் பதிவுக்கு ஒரு மொபைல் செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தலங்களிலும் அது கட்டாயமாக்கப்பட்டது. காலையில் ஒரு போட்டோ, வேலைக்குப் பின் ஒரு போட்டோ. ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காது. மேட் கையிலுள்ள போன் வெயிலில் சூடேறி நின்றுவிடும். மண் சுமந்தது நிஜம், வியர்த்தது நிஜம். போட்டோ ஏறவில்லையென்றால் கூலிக்கு ஆபத்து. காலையிலேயே தன் பங்கு மண்ணை வெட்டி முடித்தவளும் இரண்டாவது போட்டோவுக்காகக் கைக்குழந்தையுடன் காத்துக் கிடந்தாள். திருட்டாவது நின்றதா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது: சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், போட்டோவையே போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள் என்று. (அந்த 100 நாள் சட்டத்தையே 2025 டிசம்பரில் மாற்றி வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த அநியாயத்தைத் தனியாக எழுத வேண்டும்.)

இந்தச் செயலியைச் செய்தவர்கள் முட்டாள்களா? இல்லவே இல்லை. அவர்கள் கையில் அட்டவணை இருந்திருக்கும், கெடு தேதி இருந்திருக்கும். ஏரிக்கரையில் நிற்பவளிடம் கேட்க வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் அந்த அட்டவணையில் இல்லை.

இதைவிடக் கொடுமை பிரிட்டனில் நடந்தது. தபாலாபீஸ்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு முறையைப் புஜித்சு கம்பெனி செய்து கொடுத்தது. யந்திரம் தப்புக் கணக்குக் காட்டிற்று. பணம் குறைகிறது என்றது. 1999 முதல் 2015 வரை 900க்கு மேற்பட்ட கிளைத் தபாலாபீஸ்காரர்கள் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், சிலர் உயிரை மாய்த்துக் கொண்டார்கள். "எங்கள் மேல் தப்பில்லை, யந்திரத்தைச் சோதியுங்கள்" என்று அவர்கள் கதறியதை மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. 2024இல்தான் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். கீழேயிருந்து வரும் குரலைக் கேட்பது ஒரு தொழில் திறமை. அதையும் சொல்லிக் கொடுத்தால்தான் வரும்.

இனி, மாமா ஏன் சிரிக்கவில்லை என்பதற்கு வருவோம்.

1947ஆம் வருஷத் தொழில் தகராறுச் சட்டத்தில் "தொழிலாளி" யார் என்று ஓர் இலக்கணம் இருந்தது. கைத்திறன் வேலை, தொழில்நுட்ப வேலை, குமாஸ்தா வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. முக்கியமாக நிர்வாகப் பணி செய்கிறவருக்குக் கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் அமலான தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த விலக்கு அப்படியே இருக்கிறது. கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே பதவிப் பெயரில் தாராளம்! கன்சல்டன்ட், லீட், மானேஜர்! நாற்காலிக்குப் பட்டம் சூட்டிவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனிடம் "நீ தொழிலாளி இல்லை" என்று சொல்லிவிடலாம்.

2015இல் டி.சி.எஸ். கம்பெனி சென்னையில் ஒரு பொறியாளரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் நிர்வாகப் பதவியில் இருந்தவர், தொழிலாளி ஆக மாட்டார் என்று கம்பெனி வாதாடியது. ஏழு வருஷம் வழக்கு நடந்தது. 2022இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பெயர் எதுவானாலும் அவர் செய்தது திறன் சார்ந்த தொழில்நுட்ப வேலை, அவர் தொழிலாளியே, முழுச் சம்பளத்துடன் மீண்டும் வேலை கொடு! இதற்கு நடுவே, 2016இல், கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம், அவர்களுக்கும் தொழில் தகராறுச் சட்டம் செல்லும் என்று தமிழ்நாடு சர்க்காரே தெளிவுபடுத்தியது. சிறுசேரியில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2025 ஜூன் முதல் அதே கம்பெனி, ஊழியர் ஒவ்வொருவரும் வருஷத்தில் 225 நாளாவது வாடிக்கையாளருக்கு பில் போடும் வேலையில் இருக்க வேண்டும், வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் இருப்பது 35 நாளைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தது. மறு மாதமே சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. யாரை? பெரும்பாலும் நடுத்தட்டு, மேல்தட்டு உத்தியோகஸ்தர்களை! அதாவது, நேற்று வரை மற்றவனின் மணிக்கணக்கை அளந்துகொண்டிருந்தவர்களை. பில் போட வேலை வராதது யாருடைய குற்றம்? வேலை பிடித்து வருவது கம்பெனியின் பொறுப்பு. அறுப்பில்லாத நாளுக்குக் கூலியாள் மேல் குற்றம் சாட்டுகிற பண்ணையாரை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆகவே பயிற்சி வேண்டும். அதன் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும், அல்லது சர்க்கார் கல்லூரிகளில் கட்டணமின்றிச் சொல்லித்தர வேண்டும். தமிழ்நாடு சர்க்கார் 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இதற்கு ஏற்ற இடம். செங்கற்பட்டு ஜில்லாவின் பாலிடெக்னிக்கிலும் கலைக் கல்லூரியிலும் படிக்கிற கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வித்தை தமிழில் கிடைக்கட்டும். நாள் கணக்கிடுவதற்கு முன்பு அந்த வேலையைச் செய்யப் போகிறவனைக் கேட்பது பாடத்தில் இருக்கட்டும். எட்டு மணி நேர வேலை என்பது அட்டவணையின் எல்லைக்கோடு என்று இருக்கட்டும். தொழிற்சங்கச் சட்டத்துக்கும் ஒரு அத்தியாயம் இருக்கட்டும். ஜனங்களுக்கான செயலி செய்யப் போகிறவர்களை இரண்டு வாரமாவது ரேஷன் கடை வரிசையிலும் ஏரிக்கரையிலும் நிறுத்தி வைக்கட்டும்.

இதற்கெல்லாம் சர்க்காருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கேளம்பாக்கத்திலோ பரனூரிலோ ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றைச் சங்கத்தாரே ஆரம்பிக்கலாம். கணக்குச் சொல்லித்தர அந்தப் பையன்கள் இருக்கிறார்கள். ஷிப்டு மாற்றி உழைத்த அனுபவம் சொல்ல மாமாக்கள் இருக்கிறார்கள். ஏரி வேலைக்குப் போகிற பெண்களையும் கூப்பிடுங்கள். போட்டோ ஏறாத நாள்களைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கிறது.