பெயர் இருக்கிறது, கம்ப்யூட்டர் "இல்லை" என்கிறது!

"பட்டியலில் உங்கள் பெயர் இல்லை" என்று கம்ப்யூட்டர் சொன்னால், வந்தவர் திரும்பிப் போக வேண்டியதுதானா? பெயர் உள்ளேயே இருக்கலாம்!

தடித்த புத்தகத்தின் கடைசியில், எது எந்தப் பக்கம் என்று அகர வரிசை இருக்கும் அல்லவா? கம்ப்யூட்டரிலும் அப்படி ஒன்று உண்டு. அதன் பெயர் 'இண்டெக்ஸ்'. அது பிசகினால் பதிலும் பிசகும்.

லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் 'ஜிலிப்சி' என்று ஓர் அடிப்படை நிரல் உண்டு. 2018-ல் வந்த அதன் 2.28-ம் பதிப்பில், எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை மாறியது. 'போஸ்ட்கிரெஸ்' என்ற விவரக் கிடங்கில் போட்டிருந்த இண்டெக்ஸோ பழைய வரிசையிலேயே கிடந்தது. அதில் தேடினால், இருக்கிற பெயரும் அகப்படாமல் போகலாம்.

ஒருவரை வெறுங்கையோடு அனுப்புமுன், இண்டெக்ஸை ஒதுக்கிவிட்டு முழுப் பட்டியலையும் தேடச் செய்ய வேண்டும். அதுதான் நியாயம். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டுமே! இரண்டு பதிலும் வேறுபட்டால், இண்டெக்ஸைப் புதிதாகப் போட வேண்டும்.