ஏட்டில் ஏறாத வீரம்

பட்டாளத்து வீரன் போர்க்களத்தில் உயிரைப் பணயம் வைக்கிறான். நாடு அவனுக்குப் பதக்கம் தருகிறது. அதோடு கணக்குத் தீர்ந்துவிட்டதா? இல்லை!

அந்தப் பதக்கம் ஏட்டில் ஏறவேண்டும். அவனுடைய ரிக்கார்டில் ஒரு வரியாக அது பதியவேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போனால், ஆபீஸ்காரர் கண்ணுக்கு அவன் பதக்கம் வாங்காதவன்தான்!

பதக்கம் வாங்கியும் ஏட்டில் ஏறாமல் போவது உண்டு. பெயர் மாறிப் பதிவது உண்டு. செய்த வீரத்தைக் குறைத்து எழுதிவிடுவதும் உண்டு.

இந்தத் தவறுகளைத் திருத்துவது யார் பொறுப்பு? கோல் ஊன்றி நடக்கும் கிழச் சிப்பாயின் பொறுப்பா? ஏட்டை எழுதிய சர்க்காரின் பொறுப்பா?

எழுதியவர்தான் திருத்தவேண்டும். இதுதான் நியாயம்.

கரிசல் மண்ணின் பிள்ளைகள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம். இவை வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் பருத்தி உண்டு. உளுந்தும் பாசியும் மிளகாயும் உண்டு. மழை ஏமாற்றினால் தீப்பெட்டி ஆபீஸ்தான் கதி.

அப்படிப்பட்ட சீமையில், "பட்டாளத்துக்குப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் அது நாட்டுக்கும் சேவை, வீட்டுக்கும் சோறு.

2019 பிப்ரவரி 14-ந் தேதி காஷ்மீரில் புல்வாமாவில் நடந்த தாக்குதலில் மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர்கள் 40 பேர் உயிர் நீத்தார்கள். அவர்களில் ஒருவரான சுப்பிரமணியன், இந்த வட்டாரத்துச் சவலாப்பேரியைச் சேர்ந்தவர்.

ஏடு பொய் சொல்லும் என்பதும் இந்த மண்ணுக்குப் புதிது அல்ல.

1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டார்கள் வெள்ளையர்கள். கும்பினி ஏட்டில் அவர் யார்? கலகக்காரர்! அவர் பக்கம் நின்று போராடிய கவர்னகிரி சுந்தரலிங்கம் யார்? அவரும் கலகக்காரர்தான்!

கும்பினியார் எழுதியதை இந்தச் சீமை மக்கள் நம்பவில்லை. கதைப் பாட்டாகப் பாடிப் பாடி வீரர்களின் பெயரைக் காப்பாற்றினார்கள். இன்று கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குச் சிலை நிற்கிறது.

ஆனால், பாட்டைக் கொண்டுபோய் ஆபீசில் கொடுக்க முடியுமா? "காகிதம் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். ஆகவே, ஏடு சரியாக இருக்கவேண்டும்.

ஒரு பெயர், இரண்டு வீரர்கள்

கரிசல் கிராமம் ஒன்றில் நின்று "மாடசாமி!" என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்? கருப்பசாமியும் சுடலைமுத்தும் அப்படித்தான். குலதெய்வத்தின் பெயரை வைப்பது நம் வழக்கம்.

பட்டாளத்திலும் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அங்கே ஆளைக் காட்டுவது அவனுடைய நம்பர்தான். அதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்?

1999-ல் கார்கில் போர் நடந்தது. ஜூலை 4-ந் தேதி டைகர் குன்றைப் பிடிக்கும் சண்டையில் யோகேந்திர சிங் யாதவ் என்ற 19 வயது வீரர் செங்குத்தான பாறையில் ஏறினார். பல குண்டுகள் உடம்பில் பாய்ந்தும் அவர் பின்வாங்கவில்லை.

நாட்டின் மிகப்பெரிய போர்க்கள விருதான பரம வீர சக்கரம் அவருக்கு அறிவிக்கப்பட்டது. எப்படித் தெரியுமா? "இறந்தபின் வழங்கப்படுகிறது" என்று!

அவரோ ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். இறந்தவர், அதே படையில் அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர்!

நாடே பார்த்துக்கொண்டிருந்த போர். நாட்டிலேயே உயர்ந்த விருது. ஆகவே, தவறு உடனே தெரிந்தது, உடனே திருத்தினார்கள். யாரும் பார்க்காத சிறு பதக்கத்தில் இதே தவறு நேர்ந்தால், கண்டுபிடிப்பது யார்?

தளபதிக்கே இந்தக் கதி

சாதாரணச் சிப்பாய்க்குத்தான் இப்படி நேரும் என்று எண்ணவேண்டாம். பெரிய அதிகாரிக்கும் நேர்ந்தது.

அதே கார்கில் போரில் படாலிக் பகுதியில் 70-வது பிரிகேடுக்குத் தலைமை தாங்கியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். படாலிக் என்றதும் தமிழர்களுக்குத் திருச்சி மேஜர் சரவணன் நினைவு வரும். 1999 மே 29-ந் தேதி அங்கேதான் அவர் வீரமரணம் அடைந்தார்.

போர் முடிந்தபின், நடந்தது என்ன என்று மேலிடத்திலிருந்து அறிக்கை எழுதுவது வழக்கம். அந்த அறிக்கையில் தம்முடைய பங்கைக் குறைத்து எழுதிவிட்டார்கள் என்றார் தேவிந்தர் சிங். அவருடைய வழக்கு டெல்லியில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் முன் வந்தது.

2010 மே மாதம் தீர்ப்பு வந்தது. அறிக்கை ஒருதலைப்பட்சமாக எழுதப்பட்டிருக்கிறது என்று தீர்ப்பாயம் கூறியது. அதைத் திருத்தும்படி ராணுவத்துக்கு உத்தரவிட்டது.

போர் நடந்து 11 ஆண்டு கழித்து! பிரிகேடியருக்கே 11 ஆண்டு என்றால், ஆங்கிலம் படிக்கத் தெரியாத சிப்பாய்க்கு எத்தனை ஆண்டு?

மனைவி வாங்கிய பதக்கம்

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

கென்டக்கி மாநிலத்து விவசாயி கார்லின் கானர். இரண்டாம் உலகப்போரில், 1945 ஜனவரி 24-ந் தேதி, பிரான்சு நாட்டில் எதிரியின் டாங்கிகள் வந்துகொண்டிருந்தன. இவர் தனியாக முன்னே ஓடிப்போய்ப் பள்ளத்தில் படுத்துக்கொண்டார். எங்கே குண்டு போடவேண்டும் என்று டெலிபோனில் தம் படைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். எதிரி மிக அருகில் வந்தும் நகரவில்லை.

போர் முடிந்தது. ஊருக்குத் திரும்பினார், ஏர் பிடித்தார். தம் வீரத்தைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. 1998-ல் இறந்தும் போனார்.

அவருக்கு இரண்டாம் நிலை விருது கிடைத்திருந்தது. "இவருக்கு மிக உயர்ந்த விருதே தரவேண்டும்" என்று அவருடைய காகிதங்களைப் பார்த்த வேறொரு முன்னாள் படைவீரர் கிளம்பினார். மனு தள்ளுபடி ஆனது. நேரில் பார்த்த 3 பேரின் சாட்சியத்தைத் தேடிப் பிடித்தார்கள். "காலம் கடந்துவிட்டது" என்று 2014-ல் கோர்ட்டு கைவிரித்தது. ஆனாலும் அவர்கள் விடவில்லை.

கடைசியில் 2018 ஜூன் 26-ந் தேதி வெள்ளை மாளிகையில் விருது வழங்கப்பட்டது. வாங்கியவர் கானரின் மனைவி பாலின். வீரச் செயல் நடந்து 73 ஆண்டு ஆகியிருந்தது!

நியாயம் கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால், கழுத்தில் அணியவேண்டியவர் கல்லறையில் இருந்தார்.

ஒரு வரியின் விலை

"பதக்கம் என்றால் பெருமைதானே, சோறு போடுமா?" என்று சிலர் கேட்கலாம். சோறும் போடும்!

வீர விருது பெற்றவர்களுக்கு மத்திய சர்க்கார் மாதந்தோறும் தனிப் படி தருகிறது. 2017-ல் உயர்த்தப்பட்டபடி, பரம வீர சக்கரத்துக்கு 20,000 ரூபாய். மகா வீர சக்கரத்துக்கு 10,000. வீர சக்கரத்துக்கு 7,000. வீரச் செயலுக்கான சேனா பதக்கத்துக்கு 2,000. வீரர் காலமான பின் அது அவர் மனைவிக்குச் சேரும்.

மாதம் 2,000 ரூபாய் பட்டணத்தில் சிறிதாக இருக்கலாம். மழை இல்லாத வருஷத்தில் கரிசல் காட்டு வீட்டில் அது அரிசி, மருந்து, பேரப்பிள்ளையின் பள்ளிச் செலவு.

பணம் இல்லாத பதக்கமும் உண்டு. 1965 போரில் பணியாற்றியவர்களுக்கு ரக்ஷா பதக்கம். 1971 போரில் கிழக்கே நின்றவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே நின்றவர்களுக்குப் பச்சிமி ஸ்டார். "தாத்தா வங்காள தேசச் சண்டைக்குப் போனவர்" என்று பேரன் சொல்ல அதுதானே ஆதாரம்?

1971-ல் 20 வயது வாலிபனாகப் போனவர் இன்று 70 வயதைத் தாண்டிவிட்டார். கூடப் போனவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். சாட்சி மறைந்தபின் ஏட்டை எப்படித் திருத்துவது?

குடும்பத்தார் செய்யவேண்டியது

முதலில், வீட்டில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கும்! நம்பர், படைப்பிரிவு, சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, பெற்ற பதக்கங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா? பெயரும் தகப்பனார் பெயரும் பென்ஷன் உத்தரவிலும் ஆதாரிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா? இனிஷியல் தகராறு நம் ஊர்க்காரர்களுக்கு நிறைய உண்டு.

தவறு இருந்தால், அந்தப் படைப்பிரிவின் ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதவேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. மனு எழுத உதவி வேண்டுமானால், தூத்துக்குடியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது.

வீர விருதுகள் சர்க்கார் கெஜட்டில் வெளிவரும். அந்தப் பக்கத்தின் நகல் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பழைய காகிதத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணம் செலுத்திக் கேட்கலாம். கூட வேலை பார்த்தவர் உயிரோடு இருந்தால், அவரிடம் இன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்துப் பதில் வந்தால், 6 மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தாமதம் ஆகிவிட்டாலும் காரணம் காட்டி அனுமதி கேட்கலாம்.

சர்க்கார் செய்யவேண்டியது

இவ்வளவும் குடும்பத்தார் செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சர்க்கார் சும்மா இருக்கலாமா?

ஒன்று: கெஜட்டில் இருக்கும் பெயரையும் ரிக்கார்டில் இருக்கும் பெயரையும் ரிக்கார்டு ஆபீசே ஒத்துப்பார்க்கவேண்டும். மனு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இரண்டு: வீரன் ஓய்வு பெறும்போது, அவனுடைய ஏட்டை அவன் மொழியில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும்.

மூன்று: ஆண்டுக்கு ஒரு தடவையாவது கோவில்பட்டி, விளாத்திகுளம் போன்ற ஊர்களில் ரிக்கார்டு ஆபீஸ்காரர்கள் முகாம் போடவேண்டும். 80 வயதுக் கிழவரை வெலிங்டன் மலைக்கு அலைய விடுவது அழகல்ல.

நான்கு: "கோப்பு காணவில்லை", "காலம் கடந்துவிட்டது" என்ற இரண்டு பதில்களையும் கைவிடவேண்டும். 1973 ஜூலையில் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ரிக்கார்டு ஆபீசில் தீப்பிடித்து, ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்துபோயின. அவர்கள் கைவிரிக்கவில்லை. சம்பளக் கணக்கு போன்ற வேறு காகிதங்களைக் கொண்டு விவரங்களைத் திரும்பச் சேர்த்தார்கள். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு!

விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான பென்ஷன் வழக்கு ஒன்றில் 2001-ல் நம் சுப்ரீம் கோர்ட்டு ஒரு நல்ல வழி காட்டியது. கிரிமினல் வழக்கில் கேட்பதுபோல அணுவளவும் சந்தேகம் இல்லாத சாட்சியம் கேட்கக் கூடாது என்றது. படைவீரர் ஏட்டைத் திருத்தும்போதும் அதே மனப்பான்மை வேண்டும்.

பொய்யாகக் கேட்பவர்கள் இருக்கமாட்டார்களா? இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கவேண்டியதுதான். களை இருக்கிறது என்று பயிரை அழிப்பது உண்டா?

"எல்லையில் நில்" என்று சர்க்கார் சொன்னபோது, "காகிதம் எங்கே?" என்று அந்த வீரன் கேட்கவில்லை. போய் நின்றான். அவன் பெயரை ஏட்டில் ஒழுங்காக எழுதுவது, அவன் உயிரோடு இருக்கும்போதே செய்யவேண்டிய கடமை!