மண் கொட்டினால் தீருமா?

"பட்டா தெளிவாக இருக்கிறது, அப்ரூவலும் வந்துவிடும். பள்ளமா? நாலு லோடு கிராவல் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறீர்கள். ஆகாது. நிலம் யாருடையது என்று பட்டா சொல்லும்; மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லாது. அதற்குக் கிராம வரைபடத்தின் வாய்க்கால் கோட்டைப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலிலும் கோரை பச்சையாக நிற்கும் மூலையைப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னைப் புறநகரான முடிச்சூரில் வெள்ளம் பட்டாவைக் கேட்டுவிட்டா வீட்டுக்குள் ஏறியது? உங்கள் மனைப்பிரிவு இரண்டடி உயர்ந்தால் அங்கே தேங்கும் தண்ணீர் மறைந்துவிடாது. முன்பே வீடு கட்டிய பக்கத்துக்காரரின் அடுப்படிக்குள் நுழையும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தை எப்படியும் திறந்தவெளியாக விடத்தான் வேண்டும். அதை வாய்க்கால் கரையை ஒட்டி விடுங்கள். கல் நடுமுன், ஓர் அடைமழை நாளில் குடையோடு போய் அங்கே நின்று பாருங்கள்.