திருஷ்டி கழித்த மீன்

எதிர் ஃப்ளாட் பெண்ணுக்கு எட்டு வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழுதுகொண்டே வந்து நின்றாள். "அங்கிள், கோல்டிக்கு வால் கிழிஞ்சிடுச்சு!"

போய்ப் பார்த்தேன். தொட்டியில் ஒரு கோல்டு ஃபிஷ். கூடவே நாலு டைகர் பார்ப். நீளமான துடுப்பைக் கண்டால் கடித்துப் பார்க்காமல் விடாத ஜாதி அது. தெரிந்தே இரண்டையும் ஒன்றாகத் தலையில் கட்டியிருக்கிறார் கடைக்காரர். வால் நார் நாராகத் தொங்கியது. விலாவில் செதில் பெயர்ந்து சிவந்திருந்தது.

அவள் அப்பா கடைக்கு போன் செய்தார். "நாப்பது ரூவா மீனு சார். செத்தா வேற வாங்கிக்குங்க" என்று பதில் வந்தது. உள்ளேயிருந்து பாட்டி சொன்னார்: "வீட்டுக்கு வர இருந்த கஷ்டத்தை அது வாங்கிக்கிச்சு. விடுடா."

எனக்குக் கோபம் இந்த இரண்டு வாக்கியங்கள் மேல்தான்.

வாஸ்து மீன் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து ஃப்ளவர்ஹார்னும் அரோவானாவும் வாங்கி ஹாலில் வைக்கிறோம். மீன் செத்தால் திருஷ்டி கழிந்தது! எவ்வளவு வசதி பாருங்கள். தண்ணீர் மாற்றாத குற்றம் நம்முடையது, தியாகிப் பட்டம் மீனுக்கு. உண்மையில் அதைக் கொல்வது பெரும்பாலும் அதன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் சேரும் அம்மோனியா.

'மீனுக்கு வலியெல்லாம் தெரியாதுங்க' என்பார்கள். 2003இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும் டிரௌட் மீன்களின் உதட்டில் அமிலத்தை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். அவை தொட்டியின் அடியிலிருந்த கற்களில் உதட்டைத் தேய்த்தன. நாம் அடிபட்ட இடத்தைத் தேய்த்துக்கொள்வதில்லையா? இத்தாலியில் ரோம் நகரம் 2005இல் உருண்டைக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பதையே தடை செய்தது. இங்கே அதுதான் பர்த்டே கிஃப்ட்.

சரி, கோல்டிக்கு என்ன செய்தோம்?

முதலில் ஜெயிலை மாற்றினோம். பத்து லிட்டர் பிடிக்கிற, சோப்புப் படாத ஒரு டப். அதில் ஒரு ஏர் பம்ப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். கூழாங்கல், பிளாஸ்டிக் செடி எதுவும் கிடையாது. ஆன்டி-குளோரின் கலந்த தண்ணீர், அதுவும் தொட்டித் தண்ணீரின் அதே சூட்டில்.

அப்புறம் கல் உப்பு, லிட்டருக்கு ஒரு கிராம். தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். நன்னீர் மீனின் உடம்பில் வெளித் தண்ணீரைவிட உப்பு அதிகம். தோல் கிழிந்தால் அந்த வழியாக உப்பு வெளியேறும், தண்ணீர் உள்ளே புகும். அதைச் சமாளிப்பதிலேயே மீனுக்குப் பாதி பலம் போய்விடும். தண்ணீரில் துளி உப்பு இருந்தால் அந்த பாரம் குறைகிறது, அவ்வளவுதான். மந்திரம் எதுவும் இல்லை.

தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு. தீனி கொஞ்சம்தான். மிச்சத்தை உடனே எடுத்துவிட வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் டெட்ராசைக்ளின் வாங்கிப் பிரித்துக் கொட்டுகிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். அது கழிவைச் சிதைக்கிற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லக்கூடும். காயத்தில் பஞ்சு மாதிரி படர்ந்தாலோ, புண் ஆழமானாலோ மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். கடைக்காரரை அல்ல.

மூன்றாவது வாரம் வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி புதுத் துடுப்பு எட்டிப் பார்த்தது. டைகர் பார்ப்கள் இப்போது வேறு தொட்டியில். பாட்டியே தினமும் "உப்பு போட்டாச்சாடீ?" என்று கேட்கிறாராம்.

இங்கிலாந்தில் 1956இல் திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த ஒரு கோல்டு ஃபிஷ் 1999 வரை, 43 வருஷம், வாழ்ந்தது. நாற்பது ரூபாய் மீனுக்கும் அதே உடம்புதான்.

ஒரு டப், ஒரு ஏர் பம்ப், அடிபட்டால் சில வாரங்களுக்குத் தினம் பத்து நிமிஷம். இது முடியாதென்றால் தயவுசெய்து மீன் வாங்காதீர்கள். மீன் படம் போட்ட காலண்டர் வாங்கி மாட்டுங்கள். அதற்கும் வாஸ்து பலன் உண்டென்று யாராவது சொல்லாமலா போய்விடுவார்கள்?